நெட், நெட்லிஸ்ட்: தமிழில் என்ன போடலாம்? (வெள்ளிக்குள் வேண்டும்)

வணக்கம். பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு கிகேட் (மின்சுற்று வரையும் மென்பொருள்) கையேடு தயாராகிறது. முதல் பாடம், 555 ஐசி வைத்து எல்இடியை மினுக்குவது. மின்தடை, மின்தேக்கி, சுற்றுப்படம் வரை தகராறு இல்லை. 'நெட்'டில்தான் நிற்கிறோம். 555-இன் 2-ஆம் காலும் 6-ஆம் காலும் மின்தேக்கியின் ஒரு முனையும் சேர்ந்தால் மொத்தமும் ஒரே நெட்; எந்த நெட்டில் எந்தெந்தக் கால்கள் என்ற பட்டியல்தான் நெட்லிஸ்ட். 'வலை' என்றால் இன்டர்நெட் என்பார்கள்.

———

கணு. சின்னச் சொல், எல்லோருக்கும் தெரியும்.

———

> கணு

அது இயற்பியலில் நிலை அலையின் அசையாப் புள்ளிக்குப் போய்விட்டது. தவிர, கணு ஒரு புள்ளி. புள்ளிக்குச் 'சந்தி' இருக்கிறது, கிர்க்காஃப் விதியைச் சந்தி வைத்துத்தானே படித்தோம். நெட் புள்ளி இல்லை. தாளின் இந்த மூலையில் ஒரு கம்பிக்கும் அந்த மூலையில் இன்னொரு கம்பிக்கும் ஒரே பெயர் கொடுத்தால், நடுவில் கோடே இல்லாமல் இரண்டும் ஒன்று என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும்.

———

'மின்னிணைப்பு'?

———

மின்வாரியத்துக்கு மனு எழுதுகிற மாதிரி இருக்கிறது. அப்புறம், யாழ்ப்பாணத்தில் நாங்கள் தடையி, கொள்ளளவி என்றுதான் படித்தோம். அதையும் அடைப்புக்குறிக்குள் போடுங்கள்.

———

> கோடே இல்லாமல் இரண்டும் ஒன்று

தம்பி தன்னையறியாமல் செய்யுளியலுக்கு வந்துவிட்டார்! எதுகை என்ன செய்கிறது? அடிகள் தனித்தனியே நிற்கின்றன, இரண்டாம் எழுத்து ஒன்றிவிட்டால் போதும், கட்டிவிடுகிறது. அதற்குத் தொல்காப்பியர் காலத்திலிருந்தே பெயர் தொடை. தொடு, தொடர், தொடை, தொடையல்; பூவைத் தொடுக்கிறோம், வழக்குத் தொடுக்கிறோம், எல்லாம் ஒரே வேர். நெட்லிஸ்ட் = தொடைப்பட்டியல்.

———

ஐயா, பொருத்தம் அருமை, மறுக்கவில்லை. ஆனால் தொடைப்பட்டியல் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு வகுப்பு நடத்த முடியாது. கறிக்கடை விலைப்பலகை என்பான்கள்.

———

சிரிப்பார்கள் என்று பார்த்தால் யாப்பிலக்கணமே நடத்த முடியாது.

———

'நெட்' என்றே விடுங்களேன். மென்பொருளைத் திறந்தால் பையன் பார்க்கப்போவது அதைத்தான்.

———

நாளை வெள்ளி. நான்கு பேர் கணு என்றதால் கணு, கணுப்பட்டியல் என்று போட்டு, முதல் முறை வருமிடத்தில் மட்டும் நெட் என்றும் சேர்த்திருக்கிறேன். தடையி, கொள்ளளவியும் உண்டு.

———

கணுப்பட்டியலில் ஒற்று வருமா?

———

வரும். முற்றியலுகரம், பசுத்தோல், தெருக்கூத்து போல.

———

ஒற்று சரி. சொல்தான் தவறு. பெயரால் சேர்ந்த கம்பிகளைக் 'கணு' என்று எப்படி விளக்குவீர்கள் என்று அந்தப் பாடம் எழுதியவர் சொல்லட்டும்.