பழைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் 'ஙொய்ங்' சத்தம், எங்கிருந்து தொடங்கலாம்?

நண்பர்களே, பழைய நாலு கியர் ஆட்டோமேட்டிக் கார். 'பார்க்' (P) நிலையில் நிற்கும்போதே கியர்பாக்ஸ் பக்கம் 'ஙொய்ங்' என்று சத்தம், ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்த அதுவும் கூடவே ஏறுகிறது. ஆல்டர்னேட்டரை ஓட்டும் இன்ஜின் பெல்ட்டைக் கழற்றிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டும் பார்த்தாச்சு, அப்படியேதான் இருக்கிறது, அதனால் ஆல்டர்னேட்டர் இல்லை. வண்டி நகராமலே வருவதால் டிஃபரன்ஷியலும் (சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) இல்லை. கியர்பாக்ஸ் ஆயில் பம்ப் அல்லது அடைத்துப்போன ஃபில்டர் என்றுதான் தோன்றுகிறது. இன்ஜின் சூடாக ஓடும்போது கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) அளவு சரி, நுரையும் இல்லை. ஆனால் ஆயில் கறுத்து, லேசாகத் தீய்ந்த வாடை. கியர் வழுக்கவில்லை. மெக்கானிக் எடுத்த எடுப்பிலேயே முழுசாகப் பிரிக்கணும் என்கிறார், மனசு ஒப்பவில்லை.

முதலில் கியர்பாக்ஸ் அடியில் இருக்கும் ஆயில் தட்டை (பேன்) இறக்கி, அதிலுள்ள காந்தத்தில் எவ்வளவு இரும்புத்தூள் ஒட்டியிருக்கிறது என்று பார்த்து ஃபில்டர் மாற்றவா, இல்லை லைன் பிரஷர் டெஸ்ட்டா (பம்ப் தரும் ஆயில் அழுத்தத்தை அளப்பது)? அப்புறம், பம்ப் சத்தத்தையும் டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) சத்தத்தையும் எப்படிப் பிரித்துக் கண்டுபிடிப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.