ஒரே உயரத்தில் இல்லாத பழைய மாடிப்படியை சுவீட் ஹோம் 3டி-யில் வரைவது எப்படி?

மாடிவீட்டுக்காரன்:
வணக்கம். 1980களில் தாத்தா கட்டிய வீடு, கும்பகோணம் பக்கம். மாடிப்படிக்கு அடியில் சும்மா கிடக்கும் இடத்தில் ஒரு அலமாரியும் இன்வெர்ட்டர் வைக்க ஒரு தட்டும் செய்யலாம் என்று, தச்சரிடம் காட்டுவதற்காக சுவீட் ஹோம் 3டி என்ற வீட்டு வரைபட மென்பொருளில் வீட்டை வரைகிறேன். சுவர், கதவு, ஜன்னல் எல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது. படியில் மட்டும் மூன்று வாரமாக நிற்கிறேன்.

முதல் படி 5 அங்குலம். கடைசிப் படி 9. நடுவில் இருப்பவை 6¾ முதல் 7½ வரை இஷ்டத்துக்கு. மூலையில் திரும்பும் இடத்தில் லேண்டிங் என்ற சமதளம் கிடையாது, மூன்று முக்கோணப் படிகள், அதுவும் மூன்றும் மூன்று அளவு. மென்பொருளில் இருக்கிற படியைக் கொண்டுவந்து வைத்து உயரத்தைக் கொடுத்தால் எல்லாப் படியையும் சமமாக்கிவிடுகிறது.

அதைவிடக் குழப்பம், கணக்கே உதைக்கிறது. கீழ்த்தரையிலிருந்து மாடித்தரை வரை நேராக டேப் விட்டால் 124 அங்குலம். 17 படியையும் தனித்தனியாக, கீழ்ப்படியின் உள்மூலையில் டேப்பை ஊன்றி மேல்படியின் விளிம்பு வரை அளந்து கூட்டினால் 121½. நாலு முறை அளந்தாயிற்று. தங்கையை அளக்கச் சொன்னேன், அவளுக்கு 121¼. இரண்டரை அங்குலம் எங்கே போனது?

வரைபலகை:
மென்பொருளைத் திட்டிப் பயனில்லை. நான் வேலை பார்ப்பது ரெவிட் என்ற கட்டட வரைபட மென்பொருளில், அங்கேயும் இதே கதைதான்: மொத்த உயரத்தைப் படிகளின் எண்ணிக்கையால் வகுத்துச் சமமாகப் போடும். உங்கள் வீட்டுக்கு 124-ஐ 17-ஆல் வகுத்தால் 7.29 அங்குலம், அதைத்தான் எல்லாப் படிக்கும் வைத்திருக்கும். படிக் கருவி புதுப் படி கட்டுவதற்கானது, புதுப் படி சமமாக இல்லாவிட்டால் அது தப்பு. பழைய படிக்கு அந்தக் கருவியைத் தொடவே வேண்டாம், ஒவ்வொரு படியையும் தனிப் பெட்டியாக வையுங்கள். ஆனால் இரண்டரை அங்குலம் எனக்கும் புரியவில்லை, டேப் சாய்ந்திருக்குமோ?

கொத்தனார் மகன்:
டேப் சாய்ந்தால் அளவு கூடுமே தவிரக் குறையாது. ஒரு படியின் மேல் ரசமட்டத்தை (குமிழி ஓடும் மட்டப்பலகை) முன்பின்னாக வைத்துப் பாருங்கள். எங்கள் அப்பா எந்தப் படியையும் மட்டமாகப் பூசமாட்டார், கழுவிவிட்டால் தண்ணீர் தேங்காமல் இறங்கவேண்டும் என்று முன்பக்கம் துளி வாட்டம் (சரிவு) கொடுப்பார். நீங்கள் அளப்பது உள்மூலையிலிருந்து அடுத்த விளிம்பு வரை. விளிம்பிலிருந்து உள்மூலைக்கு அந்தப் படியே ஏறுகிற ஏற்றத்தை நீங்கள் அளக்கவே இல்லை. 17 படியில் கடைசி ஏற்றம் மாடித்தரையிலேயே முடிவதால் கால் வைக்கும் தளம் 16, ஒவ்வொன்றிலும் 4 மில்லிமீட்டர் என்றால் 64 மில்லிமீட்டர். அதுதான் உங்கள் இரண்டரை அங்குலம்.

முதல் படியும் கடைசிப் படியும் உங்கள் வீட்டைக் கட்டிய மேஸ்திரி செய்த தப்பாக இருக்காது (மேஸ்திரிகளுக்காகக் கொஞ்சம் வக்காலத்து!). பிற்பாடு யாரோ பழைய தரையை உடைக்காமல் மேலேயே கலவை போட்டு டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள், கீழேயும் மேலேயும். கீழே தரை ஏறியதால் முதல் படி குட்டை, மேலே தரை ஏறியதால் கடைசிப் படி நெட்டை.

மாடிவீட்டுக்காரன்:
அண்ணா, ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், குமிழி ஓரத்துக்கு ஓடுகிறது! டைல்ஸும் சரிதான், அக்கா கல்யாணத்துக்குப் போட்டது. பாட்டி கடைசிப் படியில் மட்டும் ஏன் தடுக்குகிறார் என்பதும் இப்போதுதான் புரிகிறது. இப்போது எப்படி அளக்கட்டும்?

கொத்தனார் மகன்:
ஒன்றிலிருந்து ஒன்று அளக்காதீர்கள், ஒரு இடத்தில் பிசகினால் அதற்கு மேலே எல்லாம் பிசகும். டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) பிடித்து, படியை ஒட்டிய சுவரில் கீழ்த்தரையிலிருந்து 4 அடியில் ஒரு கோடு, 8 அடியில் ஒரு கோடு பென்சிலால் போடுங்கள். கோட்டிலிருந்து ஒவ்வொரு படியின் முன்விளிம்புக்கும் அளந்து, தரையிலிருந்து எவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள். கடைசி எண் 124 வந்தே தீரும்.

தடுக்குகிற விஷயத்தை லேசாக விடாதீர்கள். தேசிய கட்டட விதித் தொகுப்பு 2016 வீட்டுப் படிக்கு 19 சென்டிமீட்டருக்கு மேல் உயரம் கூடாது என்கிறது, உங்கள் 9 அங்குலம் கிட்டத்தட்ட 23.

வரைபலகை:
அந்த எண்களை அப்படியே பெட்டியாக்கலாம். 8 அங்குலக் கனமுள்ள பெட்டி, தரையிலிருந்து உயரம் என்ற கட்டத்தில் விளிம்பின் உயரத்தில் 8-ஐக் கழித்துப் போடுங்கள், இடைவெளி தெரியாது. கடைசி ஏற்றம் 9 என்பதால் அங்கே மட்டும் கொஞ்சம் தெரியும். முதல் படிக்கு மட்டும் கனமே 5. கீழிருந்து முழுப் பெட்டியாக நிறுத்திவிடாதீர்கள், அலமாரி வைக்கும் இடம் அடைபட்டுவிடும். முக்கோணப் படியைப் பெட்டியால் செய்யமுடியாது, பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் தரையில் அதன் உருவத்தை வரைந்து மேலே இழுத்து ஓபிஜே என்ற வகை 3டி கோப்பாகக் கொண்டுவரலாம். கொண்டுவரும்போது மாடிப்படி என்று டிக் செய்தால், அது மேல்தளம் வரை எட்டுமானால் அங்கே துவாரமும் தானாக விழும். வெறும் பெட்டிக்கு விழாது, மேல்தள அறையை ஓட்டையைச் சுற்றி வரையவேண்டியிருக்கும்.

அரைத்தச்சன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அலமாரிதானே தம்பி செய்யப்போகிறீர்கள்? தச்சருக்கு மேலே கால் வைக்கும் இடம் எதற்கு? அவருக்கு வேண்டியது படியின் அடிப்பக்கம், அந்தச் சாய்ந்த காங்கிரீட். அடிக்கு ஒரு இடமாகத் தரையிலிருந்து அந்தச் சாய்வு வரை அளந்தால் ஆறேழு எண்தான். முக்கோணப் படிக்கு அடியில் பூச்சு முறுக்கிக்கொண்டு போகும், அதை எந்த மென்பொருளிலும் வரையாதீர்கள், அட்டையை வைத்து வெட்டி எடுத்துக்கொடுங்கள், நாங்கள் அப்படித்தான் செய்வோம்.

மாடிவீட்டுக்காரன்:
மூன்று வாரம் போச்சே ஐயா! சரி, மென்பொருளின் சமப் படியையே படத்துக்கு விட்டுவிட்டேன், அடியில் மட்டும் ஏழு அளவு எடுத்து எழுதினேன். மூலைக்கு ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டியாயிற்று. டியூப் லெவல் கோடு மட்டும் இன்னும் சுவரில் இருக்கிறது, அம்மா பார்ப்பதற்குள் அழிக்கவேண்டும்.