மறு: உறுப்பு ‘மண்டலம்’ – மாற்றுச் சொல் வேண்டுமா?

வணக்கம்.

> மண்டலம் பள்ளிப் புத்தகத்தில் வேரூன்றிவிட்டது. இப்போது அதைத் தொடுவது வீண் வேலை.

மன்னார்குடி நண்பர் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். செல், திசு, உறுப்பு மூன்றும் இருந்தபடியே இருக்கட்டும். (செல்லா உயிரணுவா என்ற பழைய சண்டையை இந்த இழைக்குள் இழுக்க வேண்டாம்.) எனக்குத் தகராறு நாலாவது படியோடு, அதாவது ஆங்கிலத்தில் organ system என்பதை நாம் ‘மண்டலம்’ என்று சொல்வதோடு மட்டும்தான். முதல் மூன்றையும் காட்டிவிடலாம். இரைப்பையை அறுத்தால் உள்பக்கம் எபிதீலியத் திசு, சுற்றிலும் தசை, ஊடே இணைப்புத் திசுவும் நரம்பும். நுண்ணோக்கியில் வைத்தால் செல். நாலாவதை அப்படித் தட்டில் எடுத்து வைக்க முடியாது. பல உறுப்புகள் சேர்ந்து ஒரு வேலையைப் பார்ப்பதால்தான் அதற்குத் தனிப்பெயரே வந்தது.

மண்டலம் என்றால் நம் பக்கத்தில் இடம். சோழ மண்டலம், 2020 சட்டத்துக்கு அப்புறம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம். எல்லை போட்டு, உள்ளே எந்தெந்த ஊர் என்று பட்டியல் எழுதலாம். பிள்ளைகளும் செரிமான மண்டலம் வயிற்றுப் பக்கம், சுவாச மண்டலம் நெஞ்சுப் பக்கம் என்றே பிடித்துக்கொள்கிறார்கள். நாளமில்லாச் சுரப்பிகளுக்கு (சுரப்பதை நேரே இரத்தத்தில் விடுபவை) வந்தால் இது செல்லாது. பிட்யூட்டரி மூளைக்கு அடியில், தைராய்டு கழுத்தில், அட்ரினல் சிறுநீரகத்துக்கு மேலே. ஒன்றை ஒன்று தொடுவதே இல்லை. பிட்யூட்டரியின் உத்தரவு இரத்தம் வழியாகத்தான் தைராய்டுக்குப் போகிறது.

கணையம் இன்னும் சிக்கல். அதன் பெரும்பகுதி செரிமான நொதிகளைச் சுரந்து முன்சிறுகுடலுக்கு அனுப்புகிறது. எடையில் 1 முதல் 2 விழுக்காடே வரும் லாங்கர்ஹான்ஸ் திட்டுகளோ இன்சுலினை நேரே இரத்தத்தில் விடுகின்றன. ஒரே உறுப்பு எப்படி சார் ரெண்டு மண்டலத்தில் வரும் என்று ஒரு பிள்ளை கேட்டால், அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு பதில் சொல்லிப் பாருங்கள்.

வெண்ணாற்றுப் பாசனத்தை நாம் மாவட்ட எல்லை வைத்தா சொல்கிறோம்? கல்லணையில் பிரிந்து தஞ்சை, திருவாரூர், நாகை என்று போகிறது. எந்தத் தண்ணீர் எந்த வயலுக்குப் பாய்கிறது என்பதுதான் கணக்கு. நாலாவது படிக்கும் அப்படி ஒரு சொல் வேண்டும்.

இலங்கையில் வழங்கும் ‘தொகுதி’ மண்டலத்தைவிடத் தேவலை. ஆனால் சேர்ந்திருப்பதைச் சொல்கிறதே தவிர, சேர்ந்து செய்வதைச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் கும்பகோணம் தொகுதி, பாபநாசம் தொகுதி என்று மனசு உடனே தேர்தலுக்கு ஓடிவிடும் என்பது வேறு.

> ‘அணி’ என்று வைத்தால் சுருக்கம்: நரம்பணி, எலும்பணி, குருதியணி.

இழையில் வந்த இந்த யோசனை வாய்க்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நியூரானுக்கு நரம்பணு என்று ஏற்கெனவே எழுதுகிறோம். கடைசி எழுத்தில் ஒரு சுழி மாறினால் ஒற்றைச் செல் மொத்த ஏற்பாடாகிவிடும்; குருதியணுவுக்கும் இதே கதி. விடைத்தாள் திருத்துகிறவர் பாவம்.

என் முன்மொழிவு: செயற்கூட்டு. செரிமானச் செயற்கூட்டு, நரம்புச் செயற்கூட்டு, சுவாசச் செயற்கூட்டு. ஓர் உறுப்பு இரண்டு கூட்டில் சேர்வதில் முரண்பாடு இல்லை. கணையம் இரண்டிலும் இருந்துவிட்டுப் போகட்டும். ‘கூட்டியக்கம்’ என்றும் யோசித்தேன். இயக்கம் என்றதும் இங்கே கொடியும் மறியலும் நினைவுக்கு வரும். கூட்டு என்றால் பூசணிக்காய்க் கூட்டா என்று கேலி பேசுவீர்கள், தெரியும். கூட்டுறவு சங்கத்தைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்பதில்லை.

குறையும் உண்டு. ‘நாளமில்லாச் சுரப்பிச் செயற்கூட்டு’ மூச்சு முட்டுகிறது. ‘அகச்சுரப்புச் செயற்கூட்டு’ என்று சுருக்கலாம். பாடநூலை உடனே மாற்றச் சொல்லவில்லை. கட்டுரை எழுதுகிறவர்கள் முதலில் புழங்கிப் பார்க்கலாம், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் மண்டலம் இருக்கட்டும்.

தோல் விஷயத்தில்தான் எனக்கு உதவி தேவை. தோல் தனி உறுப்பு. முடி, நகம், வியர்வைச் சுரப்பிகளைச் சேர்த்துச் சொல்லும்போது நாலாவது படி. அதற்குப் ‘புறவுறைச் செயற்கூட்டு’ என்று எழுதிப் பார்த்தேன், ‘புறவுறை’ ஒட்டவில்லை. வேறு சொல் இருந்தால் இதே இழையில் அனுப்புங்கள்.