நீலகிரி கிளப்பின் தொலைதூர ஹாம் (அமெச்சூர் வானொலி) போட்டி: லாக்குகள் பொருந்தவில்லை, மதிப்பெண் விதியிலும் சிக்கல் – உதவி தேவை

கேள்வி – கோத்தகிரி, போட்டிப் பொறுப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். நீலகிரி, மேட்டுப்பாளையம், கோவைப் பகுதி உறுப்பினர்களைக் கொண்ட எங்கள் சிறிய கிளப்பில், எச்.எஃப். (சிற்றலை) பேண்டுகளில் தொலைதூரத் தொடர்புகளுக்கான போட்டி ஒன்றை உறுப்பினர்களுக்குள் நடத்துகிறோம். வெளிநாட்டு நிலையங்களுடன் பேசினாலும் உறுப்பினர்கள் தங்களுக்குள் பேசினாலும் மதிப்பெண் உண்டு; தொலைவு கூடக் கூட மதிப்பெண்ணும் கூடும். ரெஸ்ட்ரிக்டெட் கிரேடு (தொடக்கநிலை) உரிமமும் வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக் குறியீடும் பெற்றுப் புதிதாக வந்திருக்கும் நண்பர்களைப் பேண்டுக்குள் கொண்டுவருவதே இதன் முதல் நோக்கம் என்பதால், முடிவுகளைப் பற்றி யாருக்கும் மனக்குறை எழக் கூடாது என்பதில் நான் மிகுந்த அக்கறை கொண்டுள்ளேன்.

முதல் சிக்கல் லாக் (தொடர்புகளின் பதிவேடு) சரிபார்ப்பில். உறுப்பினர்கள் இருவர் பேசியிருந்தால் அத்தொடர்பு இருவர் லாக்கிலும் இருக்க வேண்டும். ஆனால் ஐந்து நிமிட வேறுபாடு வரை ஏற்கும்படி வைத்து ஒப்பிட்டபோது, பல தொடர்புகள் ஒரு பக்கத்தில் மட்டுமே இருப்பதாக வருகிறது. இருவரையும் கேட்டால், பேசியதை உறுதியாகச் சொல்கிறார்கள். எடுத்துக்காட்டாக, 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ்) நடந்த ஒரு தொடர்பு குன்னூர் உறுப்பினரின் லாக்கில் 14:12 என்றும் கோவை உறுப்பினரின் லாக்கில் 19:42 என்றும் உள்ளது. இன்னொரு தொடர்பு ஒருவரிடம் 15:03, மற்றவரிடம் 15:14.

இரண்டாவது, தொலைவுக் கணக்கு. உலகப்படத்தைக் கட்டங்களாகப் பிரித்து இடத்தைக் குறிக்கும் நான்கெழுத்து மெய்டன்ஹெட் கட்டக் குறியீட்டைக் கொண்டு கணக்கிட்டோம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கோவை ஆகிய நான்குமே எம்.கே.81 கட்டத்துக்குள் விழுவதால் இவற்றுக்கிடையே தொலைவு சுழியம் என்று வருகிறது. மதுரை எம்.ஜே.99 கட்டத்தில் இருக்கிறது. கோவைக்கும் மதுரைக்கும் நேர்க்கோட்டில் 180 கிலோமீட்டர்கூட இல்லாதபோது, கணக்கு 310 கிலோமீட்டர் என்கிறது.

மூன்றாவது, மலை, சமவெளி வழக்கு. உயரத்தில் இருப்பதால் மலை உறுப்பினர்களுக்குச் சாதகம் என்று கோவை நண்பர்கள் சொல்கிறார்கள். ஐரோப்பாவே கேட்பதில்லை என்று கோத்தகிரி நண்பர்கள் சொல்கிறார்கள். இதற்கு ஏதேனும் ஈடு கொடுக்கும் பெருக்கெண் வைப்பது முறையா? அடுத்த முறை ஊட்டியை அடுத்த முத்தோரைப் பக்கம் ஓர் உறுப்பினரின் நிலத்தில் கிளப் நிலையம் ஒன்றை அமைக்கலாம் என்ற யோசனையும் உள்ளது. தங்கள் கருத்துகளை எதிர்பார்க்கிறேன். 73 (வாழ்த்துகள்).

மறுமொழி – கோவை, லாக் சரிபார்ப்பவர்

வணக்கம். தாங்கள் காட்டிய முதல் எடுத்துக்காட்டிலேயே விடை இருக்கிறது. 14:12-க்கும் 19:42-க்கும் இடையே சரியாக ஐந்தரை மணி நேரம். அதாவது ஒருவர் யு.டி.சி.யிலும் (உலகப் பொது நேரம்) மற்றவர் இந்திய நேரத்திலும் பதிந்திருக்கிறார். கோவை உறுப்பினர் கையால் எழுதிப் பின்னர் தட்டச்சு செய்திருந்தால் காரணம் வெளிப்படை. என்1எம்எம் லாகர் போன்ற மென்பொருளைப் பயன்படுத்தியிருந்தால், அவருடைய கணினியின் நேர மண்டலத்தைப் பாருங்கள். மண்டலம் யு.டி.சி. என்றிருக்க, கடிகாரத்தை மட்டும் யாரோ இந்திய நேரத்துக்குத் திருத்தி வைத்திருப்பார்கள். மென்பொருள் விண்டோஸ் சொல்லும் யு.டி.சி. நேரத்தையே எழுதுகிறது, ஆகவே திரையில் கடிகாரம் சரியாகத் தெரிந்தாலும் லாக்கில் நேரம் தவறாகவே பதிவாகும்.

இந்த வேறுபாடு அவருடைய எல்லாத் தொடர்புகளிலும் மாறாமல் இருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். அவர் மற்ற உறுப்பினர்களுடன் பேசியவற்றில் போட்டியின் தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று என எடுத்து ஒப்பிட்டால் போதும். மாறாமல் இருந்தால் கோப்பு முழுவதையும் ஐந்தரை மணி நேரம் பின்னுக்கு நகர்த்தலாம். அப்போது தேதியும் சேர்ந்து நகர வேண்டும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஞாயிறு அதிகாலை 02:10 என்று இந்திய நேரத்தில் எழுதப்பட்ட தொடர்பு, யு.டி.சி.யில் சனிக்கிழமை 20:40. அவர் அனுப்பிய மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு நகலில் மட்டும் திருத்துங்கள். திருத்தியதை அவருக்கு எழுத்தில் தெரிவித்து ஒப்புதல் பெறுங்கள். அழைப்புக் குறியீடும் பரிமாறிய எண்ணும் சரியாக இருக்கும்போது நேரத்துக்காக மட்டும் புதியவரின் தொடர்பை நீக்குவது நியாயம் அல்ல என்பது என் உறுதியான கருத்து.

பதினொரு நிமிட வேறுபாடு வேறு வகை. இணையம் இல்லாத இடத்தில் நெடுநாள் கிடந்த மடிக்கணினியின் கடிகாரம் மெல்ல விலகியிருக்கலாம். அதையும் இதே முறையில் சோதித்து நகர்த்துங்கள். எல்லோருக்கும் ஏற்பு வரம்பை இருபது நிமிடமாகத் தளர்த்துவது வேண்டாம், அது உண்மையான பிழைகளையும் மறைத்துவிடும்.

நேரம் சரியான பிறகும் பொருந்தாமல் எஞ்சுபவை பெரும்பாலும் எழுத்துப் பிழைகளாக இருக்கும். ஒருவர் லாக்கில் 'பி' என்று முடியும் குறியீடு இருக்கும். அப்படி ஒரு நிலையம் வேறு எவர் லாக்கிலும் இருக்காது. அதே நிமிடத்தில் 'டி' என்று முடியும் உறுப்பினர் ஒருவர் அவருடன் பேசியதாகப் பதிந்திருப்பார். குரல் வழியில் பி, டி, ஈ, வி ஆகியவை ஒன்றுபோலவே ஒலிக்கும். பிராவோ, டெல்டா என்று ஒலிப்பெயர் சொல்லும் பழக்கத்தை வி.யு.3 நண்பர்களிடம் இப்போதே வலியுறுத்துங்கள்.

அடிப்படையான ஒன்றையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு நிலையம் தங்களுக்கு லாக் அனுப்பப் போவதில்லை. எனவே தனியாக ஒரு வார இறுதியைத் தேர்ந்து போட்டி நடத்தினால், அதிக மதிப்பெண் தரும் தொடர்புகளே சரிபார்க்க முடியாதவையாக இருக்கும். சி.க்யூ. உலகப் போட்டியின் வார இறுதியிலேயே தங்கள் போட்டியை வையுங்கள். குரல் பிரிவு அக்டோபரின் கடைசி முழு வார இறுதியிலும், மோர்ஸ் பிரிவு நவம்பரின் கடைசி முழு வார இறுதியிலும் நடக்கின்றன; உலகமே பேண்டில் இருக்கும். உறுப்பினர்கள் அங்கும் லாக் அனுப்பினால், அமைப்பாளர்கள் தரும் சரிபார்ப்பு அறிக்கையைத் தங்களுக்கும் பகிரச் சொல்லலாம். அந்தப் போட்டி இந்திய நேரப்படி சனிக்கிழமை காலை 05:30-க்குத் தொடங்கித் திங்கட்கிழமை காலை 05:30-க்கு முடிகிறது. ஞாயிறு நள்ளிரவோடு முடிந்துவிட்டது என்று நினைத்து அணைத்துவிடுபவர்கள், 40 மீட்டரில் ஐரோப்பா நன்றாகக் கேட்கும் விடியலுக்கு முந்தைய மணிகளை இழக்கிறார்கள்.

தொலைவுக்கு, 160 மீட்டரில் நடக்கும் ஸ்டூ பெரி போட்டியின் முறையைப் பாருங்கள். ஒவ்வொரு தொடர்புக்கும் ஒரு புள்ளி, அதன் மேல் ஒவ்வொரு 500 கிலோமீட்டருக்கும் ஒரு புள்ளி. நீலகிரியிலிருந்து டோக்கியோ சுமார் 6,800 கிலோமீட்டர், ஆகவே 14 புள்ளி. லண்டன் சுமார் 8,100 கிலோமீட்டர், 17 புள்ளி. கோத்தகிரிக்கும் கோவைக்கும் இடையே ஒரு புள்ளி, மதுரைக்கும் ஒரு புள்ளி. நான்கெழுத்துக் கட்டத்தின் பிழை இந்தப் படிக்குள் கரைந்துவிடும். நான்கெழுத்துக் கட்டம் நம் பகுதியில் கிழக்கு மேற்காக ஏறக்குறைய 218 கிலோமீட்டரும் தெற்கு வடக்காக 111 கிலோமீட்டரும் கொண்டது. குறுந்தொலைவுக்கு அது உதவாது. இரண்டு மீட்டர் பேண்டில் குறுந்தொலைவுப் போட்டி நடத்தினால் மட்டும் ஆறெழுத்துக் குறியீடு கட்டாயம்; அதில் ஒரு கட்டம் 9 கிலோமீட்டருக்கு 4.6 கிலோமீட்டர் அளவே.

உலகப் போட்டியில் பரிமாறப்படுவது உலகைப் பகுதிகளாகப் பிரித்துக் கொடுத்த மண்டல எண்தான், கட்டக் குறியீடு அல்ல. நாம் 22 என்று சொல்கிறோம். எனவே வெளிநாட்டு நிலையத்தின் இடத்தை அதன் நாட்டின் மையமாகக் கொள்ள வேண்டியிருக்கும். பெரிய நாடுகளுக்கு மண்டலத்தையும் பாருங்கள்: ஆஸ்திரேலியாவில் 29 என்று வந்தால் பெர்த் பக்கம், நமக்குச் சுமார் 6,400 கிலோமீட்டர், 30 என்று வந்தால் சிட்னி பக்கம், சுமார் 9,300.

மறுமொழி – கூடலூர்

உயரத்துக்கு ஈடு கொடுக்கும் பெருக்கெண் வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். எச்.எஃப். அலைகளுக்குக் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பது பெரிய பொருட்டு அல்ல. ஆன்டெனாவுக்கு முன்னால் தரை எந்தப் பக்கம் சரிகிறது என்பதே பொருட்டு. தரை சரியும் திசையில், படுக்கைவாட்டு டைபோல் (இருகைக் கம்பி) ஆன்டெனாவின் கதிர் தொடுவானை நோக்கித் தாழ்கிறது. அத்திசையில் தொலைதூர நிலையங்கள் எளிதாகக் கிடைக்கும். எதிர்த்திசையில் மேடு இருந்தால் அதே ஆன்டெனா திணறும். லண்டன் நமக்கு ஏறக்குறைய 320 பாகையில், வடமேற்கில் இருக்கிறது; டோக்கியோ 55 பாகையில், வடகிழக்கில். கிழக்கே சரியும் தேயிலைத் தோட்டத்தில் இருப்பவருக்கு ஜப்பான் முழங்கும், ஐரோப்பா மங்கும். எங்கள் கூடலூரில் மேற்கே சரியும் இடங்களில் நிலைமை நேர்மாறு.

கோத்தகிரி நண்பர்கள் தொட்டபெட்டாவைக் குற்றம் சொல்வதை நானும் கேட்டிருக்கிறேன். கணக்கிட்டுப் பாருங்கள்: சிகரம் 2,637 மீட்டர், கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர், இடைவெளி ஏறக்குறைய 14 கிலோமீட்டர். அங்கிருந்து பார்த்தால் சிகரம் வானத்தில் மூன்றரை பாகையைத்தான் மறைக்கிறது. தடை பெரும்பாலும் வீட்டுக்குப் பின்னால் உள்ள மேடும் அதன் மேல் நிற்கும் சில்வர் ஓக் வரிசையும் காட்டும் கோணம்தான். ஒவ்வோர் உறுப்பினரும் கைப்பேசியின் கோணமானியைக் கொண்டு 320 பாகைத் திசையிலும் 55 பாகைத் திசையிலும் தொடுவானின் கோணத்தை அளந்து பார்க்கட்டும். ஐந்து பாகைக்குள் இருந்தால் கவலை வேண்டாம். பத்தைத் தாண்டினால் ஆன்டெனாவை அதே நிலத்தில் வேறு மூலைக்கு மாற்றுவதே வழி.

பிரிவுகளை ஆற்றலின் அடிப்படையில் பிரியுங்கள். ஐந்து வாட் வரை ஒன்று, நூறு வாட் வரை ஒன்று என்பது உலகப் போட்டியிலும் உள்ள வழக்கம். வி.யு.3 நண்பர்களுக்குத் தனிப் பட்டியல் கொடுங்கள். 100 வாட்டுக்கும் 25 வாட்டுக்கும் வேறுபாடு ஆறு டெசிபெல், அதாவது கேட்பவரின் சைகைவலிமை மீட்டரில் ஒரு எஸ் அலகு மட்டுமே என்று அவர்களுக்குச் சொல்லியும் வையுங்கள்.

மறுமொழி – கொடைக்கானல்

போட்டி அக்டோபரில் என்றால் ஒன்றை முன்கூட்டியே உறுப்பினர்களுக்கு எழுதுங்கள். காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்முனைக்கு அருகே செல்வதால், நம் தலைக்கு மேலே எச்.எஃப். அலைகளைத் திருப்பி அனுப்பும் எஃப் அடுக்கு சூரியன் மறைந்த சிறிது நேரத்தில் பல இரவுகளில் கொந்தளித்துச் சிதறுகிறது. இங்குள்ள சூரிய ஆய்வகத்தில் அந்த அடுக்கை அளக்கும் அயனோசோண்ட் கருவி இதைப் பல பத்தாண்டுகளாகப் பதிவு செய்து வந்திருக்கிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும், சூரியனின் செயல்பாடு மிகுந்த ஆண்டுகளிலும் இது அதிகம். கேட்பவருக்குக் குரல் நடுங்கி, நீருக்குள்ளிருந்து பேசுவதுபோல ஒலிக்கும். மோர்ஸ் ஒலி கரகரக்கும். புதியவர்கள் இணைப்பு கெட்டுவிட்டது என்று கருதி இரவோடு இரவாக ஆன்டெனாவைக் கழற்றத் தொடங்குகிறார்கள். பேண்டை மாற்றிப் பார்ப்பதும், அப்போதும் சரியாகாவிட்டால் சாப்பிட்டுவிட்டுச் சற்று உறங்கி அதிகாலையில் திரும்புவதுமே நல்லது.

இதற்காகவே, 48 மணி நேரத்தில் எந்தப் பன்னிரண்டு மணி நேரத்தையும் உறுப்பினர் தேர்ந்துகொள்ளலாம், ஓய்வு என்று கணக்கில் கொள்ளப்படுவது குறைந்தது 60 நிமிடம் இருக்க வேண்டும் என்று விதி வைக்கப் பரிந்துரைக்கிறேன். வேலைக்குப் போகிறவர்களும் வீட்டுப் பொறுப்பு உள்ளவர்களும் அப்போதுதான் சமமாகக் கலந்துகொள்ள முடியும்.

மறுமொழி – ஊட்டி

முத்தோரையைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். அங்கே 1970 முதல் இயங்கிவரும் ஊட்டி வானொலித் தொலைநோக்கி, 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டு, 326.5 மெகாஹெர்ட்ஸில் மிக மெல்லிய விண்சைகைகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. நம் பேண்டுகள் அந்த அதிர்வெண்ணில் இல்லை என்றாலும், ஒலிபரப்பியின் துணை அதிர்வுகளும் ஜெனரேட்டர், மடிக்கணினி மின்வழங்கிகளின் இரைச்சலும் அந்தப் பள்ளத்தாக்கில் எழவே கூடாது. வேறு எங்கே நிலையம் அமைத்தாலும் உரிமத்தில் குறித்த இடத்துக்கு வெளியே இயங்க அனுமதி உண்டா என்பதையும், நிலம் வனத்துறையுடையதா என்பதையும் முதலில் பாருங்கள்.

வடகிழக்குப் பருவமழை அந்த வார இறுதிக்குள் பெரும்பாலும் தொடங்கியிருக்கும். இடிமழைக்கான அறிகுறி தெரிந்ததுமே, இடி கேட்கும் முன்பே, கோஆக்ஸை (ஆன்டெனா கேபிள்) ரிக்கிலிருந்து (வானொலிக் கருவி) கழற்றி வீட்டுக்கு வெளியே போடுமாறும், இடி கேட்ட பிறகு அதைத் தொட வேண்டாம் என்றும் விதியிலேயே எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர் – கோத்தகிரி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கோவை ஐயா சொன்னபடி ஒப்பிட்டதில், ஐந்தரை மணி நேர வேறுபாடு இரண்டு உறுப்பினர்களின் கோப்புகளில் தொடக்கம் முதல் இறுதி வரை மாறாமல் இருந்தது. நகலில் நகர்த்தியதும் பொருந்தாதவற்றில் பெரும்பகுதி பொருந்திவிட்டது. பதினொரு நிமிட வேறுபாடு ஒரே மடிக்கணினியுடையது. எஞ்சியவை எழுத்துப் பிழைகள். இரு தரப்புக்கும் எழுதியிருக்கிறேன், அவர்கள் ஏற்றுக்கொண்டால் முடிவை வெளியிடுவேன்.

அடுத்த போட்டியை உலகக் குரல் போட்டியின் வார இறுதியிலேயே, 500 கிலோமீட்டர் படிமுறையிலும் பன்னிரண்டு மணி நேரத் தேர்விலும் நடத்தச் செயற்குழுவிடம் முன்வைக்கிறேன். உயரப் பெருக்கெண்ணைக் கைவிடுகிறோம். முத்தோரை யோசனையையும் விட்டுவிட்டோம். இன்னும் ஓர் ஐயம்: 40 மீட்டரில் சிலர் 7.200 மெகாஹெர்ட்ஸுக்கு மேலும் தொடர்பு பதிந்திருக்கிறார்கள். இவற்றை என்ன செய்வது?

மறுமொழி – கோவை, லாக் சரிபார்ப்பவர்

அவற்றை நீக்கிவிடுங்கள். நம் உரிமத்தில் அந்த பேண்டு 7.000 முதல் 7.200 வரைதான்; அமெரிக்க நிலையங்கள் மேலே கேட்கின்றன என்பதற்காக நாம் அங்கே அழைக்க முடியாது. ரிக்கின் அதிர்வெண் தானாகவே மென்பொருளுக்கு வரவில்லை என்றால் பதிவு மட்டும் பிழையாக இருக்கலாம், ஆகவே நீக்கும் முன் ஒருமுறை கேட்டுவிடுங்கள். போட்டிக்கு முந்தைய ஞாயிறு மாலை 40 மீட்டரில் ஒரு மணி நேர ஒத்திகை வைத்து, அன்றிரவே காப்ரில்லோ (போட்டி லாக் வடிவம்) கோப்புகளை அனுப்பச் சொல்லுங்கள். யாருடைய கடிகாரம் விலகியிருக்கிறது என்பதை மறுநாளே பார்த்துச் சொல்கிறேன். 73.