மனுநீதிச் சோழன் கதை: கன்று பிழைத்ததை வகுப்பில் சொல்ல வேண்டுமா, வேண்டாமா?

ஆரூரான்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். ஐந்தாம் வகுப்பில் மனுநீதிச் சோழன் கதை சொன்னாராம். இளவரசனின் தேரில் கன்று இறந்து, தாய்ப்பசு அரண்மனை மணியை இழுத்து நீதி கேட்க, அரசன் தன் மகன்மீது தேர் ஏற்றியதோடு நிறுத்தினாராம். பிள்ளைகள் அழுதார்களாம், இரக்கம் வந்துவிட்டதாம். பாதிக் கதை சொல்லி அழவிடுவது பாடமா? பெரியபுராணத்தில் சிவபெருமான் காட்சி தருகிறார். கன்று எழுகிறது, மகன் எழுகிறான், இளவரசன்மேல் தேர் ஓட்ட மனமில்லாமல் உயிர்விட்ட அமைச்சரும் எழுகிறார். திருவாரூர்க் கல்தேரைப் பார்த்து வளர்ந்தவன் சொல்கிறேன்.

கதை டீச்சர்:
அந்த ஒருவர் நான்தான், நேராகவே திட்டலாம். வேண்டுமென்றேதான் நிறுத்தினேன். கன்று எழுந்துவிட்டது என்றால் பிள்ளைகள் பசுவை மறந்துவிடுவார்கள். "மணியை இழுத்தபோது அந்தப் பசுவுக்கு எப்படி இருந்திருக்கும்?" என்று கேட்டேன். வாயே திறக்காத ஒரு பையன், "குட்டி செத்தப்போ எங்க ஆடு மூணு நாள் புல் தின்னலை டீச்சர்" என்றான். மொத்த வகுப்பும் அவனைத் திரும்பிப் பார்த்தது. அப்புறம், சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியனிடம் இதைச் சொல்லும்போது கன்று பிழைத்ததாகச் சொல்லவில்லையே?

ஆரூரான்:
கண்ணகி நீதி கேட்க வந்தவள், கதை சொல்ல வந்தவள் இல்லை. அவள் சொல்லாததால் கன்று பிழைக்கவில்லை என்று ஆகிவிடாது. கன்று பிழைத்தது.

வன்னியன்மகன்:
இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சத்தின் 21ஆம் அதிகாரத்தில் இதே கதை எல்லாளன் பெயரில் இருக்கிறது. அநுராதபுரத்தில் 44 ஆண்டுகள் ஆண்ட தமிழ் மன்னன் அவன். அங்கே மகனின் தலை போகிறது, யாரும் உயிர்த்தெழவில்லை.

ஆரூரான்:
பேச்சு ஆரூர்ச் சோழனைப் பற்றியது. எல்லாளனை யார் கேட்டார்கள்?

வன்னியன்மகன்:
எங்கள் பக்கத்துப் பெயர் வந்தாலே உங்களுக்குப் பிடிக்காது. போன மாதம் பாரியின் தேர் பற்றிய பேச்சிலும் என் பதிவை நீக்கச் சொன்னவர் நீங்கள்தான். மறக்கவில்லை.

ஆரூரான்:
அதில் தவறான தகவல் இருந்தது. இப்போதும் நீக்கத்தான் சொல்வேன்.

இரு பிள்ளைகளின் அம்மா:
என் மகளுக்கு எட்டு வயது. இந்தக் கதையைக் கேட்ட அன்று இரவு, "நான் தப்பு பண்ணினா அப்பா என்மேல வண்டி ஏத்துவாரா?" என்று கேட்டாள். அந்த இளவரசன் வேண்டுமென்று ஏற்றவில்லை, கன்றுதான் துள்ளி வந்து சக்கரத்தில் விழுந்தது. அவனுக்காக ஏன் யாரும் இரங்குவதில்லை?

ஆரூரான்:
இதைத்தான் நானும் சொல்கிறேன். முழுக் கதையும் கேட்டிருந்தால் குழந்தை நிம்மதியாகத் தூங்கியிருக்கும்.

இரு பிள்ளைகளின் அம்மா:
ஐயா, என்னை உங்கள் பக்கம் சேர்க்காதீர்கள். மகன் எழுந்துவிட்டால் அப்பா தேர் ஏற்றியது சரியாகிவிடுமா?

கதை டீச்சர்:
இளவரசனைப் பற்றியும் வகுப்பில் பேசினோம். ஒரு பெண் குழந்தை, "அவன் பசுகிட்ட மன்னிப்பு கேட்டிருக்கலாம், ராஜா அதுக்கு நேரமே கொடுக்கலை" என்றாள். இந்த வார்த்தை எந்தப் புராணத்திலும் கிடையாது. கன்றை எழுப்பியிருந்தால் அவள் வாயிலிருந்தும் வந்திருக்காது.

ஆரூரான்:
சேக்கிழாரைவிட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அதிகம் தெரியும் என்கிறீர்கள்.

கதை டீச்சர்:
பசுவின் வலி அவளுக்குத் தெரிகிறது என்கிறேன். 20 வருடமாகக் கதை சொல்கிறேன். திங்கட்கிழமை அடுத்த வகுப்புக்கும் சொல்வேன், அதே இடத்தில்தான் நிறுத்துவேன்.

ஆரூரான்:
நிறுத்திக்கொள்ளுங்கள். கன்று பிழைத்தது. இன்று இரவு பெரியபுராணப் பாடலை அப்படியே இங்கே பதிகிறேன், எல்லோரும் படித்துக்கொள்ளட்டும்.