மாதிரிப் பாய்ப்படகை நின்றபடியே கடலில் இறக்குவது எப்படி? (திருகோணமலை)

முதுகுத்தண்டுச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஊன்றுகோல்களோடுதான் நடக்கிறேன், குனிய முடியாது. என்னிடம் இருப்பது ரிமோட்டில் ஓடும் ஐஓஎம் (இன்டர்நேஷனல் ஒன் மீற்றர்) வகை மாதிரிப் பாய்ப்படகு. நீளம் 1 மீற்றர், எடை 4 கிலோ. அடியில் ஈயக்குண்டு தொங்குவதால் அரை மீற்றர் ஆழமாவது வேண்டும்.

பாய்மரத்தைக் கழற்றினால் ஓட்டோவில் ஏறிவிடும், அது பிரச்சினை இல்லை. கரையில்தான் சிக்கல். டச் பே கடற்கரை மணலில் ஊன்றுகோல் புதைகிறது. உட்துறைமுகப் பக்கம் கட்டு உயரம். கயிற்றில் இறக்கினேன், பாய்மரம் சுவரில் அடிபட்டது. கொக்கித்தடியால் தூக்கினால் பாரத்தில் தடி வளைகிறது. பிள்ளைகளிடம் கொடுக்கலாம்தான், ஆனால் நானே இறக்கி நானே எடுக்க வேண்டும், அதுதான் ஆசை. கச்சான் காற்றும் தொடங்கிவிட்டது.

குனியாமல் இறக்கி ஏற்ற, பிவிசி குழாயில் தொட்டில் மாதிரி ஏதாவது யாராவது செய்திருக்கிறீர்களா?