ஓயில் ட்ரப்: ‘எண்ணெய்ப் பொறி’ வேண்டாம், ‘ஏற்றுவளைவு’ எண்டு வைப்பம்

அண்ணை, ஏசி பைப்பில போடுற ஓயில் ட்ரப்புக்குத் தமிழில நீங்கள் போன கிழமை சொன்ன ‘எண்ணெய்ப் பொறி’ எனக்கு மனசுக்குப் பிடிக்கேல்ல, கோவிக்காதேங்கோ. பொறி எண்டா எலிப்பொறி மாதிரி பிடிச்சு வைக்கிற சாமான் எண்டுதான் வேலை பழகுற பெடியள் விளங்குவினம். ஏறுற பைப்பின்ர அடியில வாற அந்த யூ வளைவு ஓயிலைப் பிடிச்சு வைக்கப் போடுறேல்ல, மேல அனுப்பப் போடுறது.

காஸை அமத்தி ஓடவிடுற கொம்பிறசருக்குள்ள இருக்கிற ஓயில் கொஞ்சம் காஸோட சேந்து பைப் முழுக்க ஓடித் திரியும், அது திரும்பி வந்தாத்தான் கொம்பிறசர் தப்பும். இன்டோர் கீழயும் அவுட்டோர் மொட்டை மாடியிலயும் எண்டா, ரெண்டையும் இணைக்கிற ரெண்டு பைப்பில பெரிய பைப்பால அவுட்டோருக்குத் திரும்பி வாற காஸ்தான் ஓயிலை இழுத்துக்கொண்டு ஏற வேணும், அதுக்கு வேகம் வேணும். பைப்பைச் சின்னனாப் போட்டா வேகம் இருக்கும் ஆனா அழுத்தம் விழுந்து குளிர் குறையும், பெருசாப் போட்டா காஸ் ஆறுதலா ஏறும், ஓயில் சுவரோட வழிஞ்சு கீழயே நிண்டிடும். வேகத்தைக் கூட்டிக் குறைச்சு ஓடுற இன்வேட்டர் மிசின் குறைஞ்ச வேகத்தில ஓடேக்க இன்னும் மோசம். எங்கட ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்த வாய்க்காலே போதும், அகலமா வெட்டின இடத்திலதானே தண்ணி மெதுவாகி வண்டல் படியுது.

கிளிநொச்சியில ஒரு கடையில இதைக் கண்ணால பாத்தனான். 1/2 இஞ்சி போட வேண்டிய இடத்தில பெருசெண்டா நல்லதுதானே எண்டு ஆரோ 5/8 போட்டு ரெண்டு மாடி ஏத்தியிருந்தவை, அடியில வளைவும் இல்லை. வருசம் திரும்ப முந்தி கொம்பிறசர் இறுகிப்போச்சு. கீழ படுக்கையா ஓடின பைப்பை நான் வெட்ட, பிளேன்ரீ நிறத்தில ஓயில் வழிஞ்சு சேட்டுக் கையெல்லாம் நனைஞ்சது.

ஏறுற பைப்பின்ர அடியில வளைவு இருந்தா ஓயில் முதல் அதுக்குள்ள சேரும், சேரச் சேர காஸ் போற வழி ஒடுங்கும், ஒடுங்க வேகம் கூடி ஓயிலை உந்தி மேல ஏத்திவிடும். அதாலதான் வளைவு கட்டையா இருக்க வேணும், அகட்டி வளைச்சா ஓயில் தேங்குற இடம்தான் கூடும். இந்த வேலையைச் சொல்லுற சொல்லு ‘ஏற்றுவளைவு’. கிளிநொச்சித் திருவையாறு ஏற்று நீர்ப்பாசனம் எண்டு கேட்டு வளந்த சனத்துக்கு ‘ஏற்று’ எண்டா பள்ளத்திலயிருந்து மேட்டுக்கு எண்டு சொல்லித்தரத் தேவையில்லை.

சின்னப் பைப்புக்குச் சொல்லுற ‘திரவக் குழாய்’ எண்டதையும் விடுவம். வீட்டு ஸ்பிளிற் ஏசியில அழுத்தத்தைக் குறைக்கிற கெப்பிலறியோ (மெல்லிய குழாய்) விரிவு வால்வோ அவுட்டோருக்குள்ளயே இருக்கிறபடியா அந்தச் சின்னப் பைப்பில திரவமும் ஆவியும் கலந்து குளிராத்தான் வருது, ரெண்டு பைப்புக்கும் வெவ்வேறா ஃபோம் போடுறது அதுக்குத்தான். திரவம் எண்டு மட்டும் படிச்ச பெடியன் அதைச் சும்மா விட்டிடுவான், பிறகு சுவரெல்லாம் தண்ணி சொட்டும். சின்னக் குழாய், பெரிய குழாய் எண்டே இருக்கட்டும்.

பெரிய சிஸ்டங்களில மேல் முனையில தலைகீழா ஒரு வளைவு போடுறவை, மிசின் நிக்கேக்க ஏறின ஓயில் திரும்ப இறங்காம மறிக்க. நான் ‘மறிவளைவு’ எண்டு சொல்லிப் பாத்தன், ஆனா மறி எண்டா முதல் ஆடுதான் ஞாபகம் வருது. அதுக்கு உங்களிட்ட நல்ல சொல் இருந்தா எழுதுங்கோ அண்ணை.